மூன்றாம் பந்தி

எங்களைச் சகோதரர்கள் ஆக்கியவர் பாரிசின் லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அந்தத் தெருவில் எங்கள் ஆட்களின் கடைகளை அப்போது ஒரு கையால் எண்ணிவிடலாம். வருடப் பிறப்பு விழாவில் நானும் என் கூட்டாளியும் பாடுவதாக ஏற்பாடு. கடைக்காரர் மிளகாய்த்தூள் மூட்டையின் மேல் ஒரு பலகையை வைத்து அதில் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன பேர் போடுறது?"

"எங்கடை பேரைப் போடுங்கோவன்," என்றேன்.

"விசர்க் கதை. உங்கடை பேரைப் போட்டால் ஆர் வருவான்? ரெண்டு ஆம்பிளையள் சேர்ந்து பாடினால் அது சகோதரர்கள்தான். உலக வழக்கம்."

"அண்ணை, எங்கடை ஊரே வேறை வேறை," என்றான் கூட்டாளி. "மூஞ்சியும் வேறை. இவர் பீப்பா, நான் அகப்பைக் காம்பு."

"மண்டபத்துக் கடைசி வரிசையிலை இருந்து பார்த்தால் ரெண்டும் ஒண்டுதான்," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் என் ஊரின் பெயரை எழுதி, அதற்குப் பின்னால் 'சகோதரர்கள்' என்று பெரிதாகப் போட்டார்.

"ஏன் இவரின்ரை ஊர்? என்ரை ஊருக்கு என்ன குறை?"

"அண்ணன் பிறந்த ஊரிலைதானே தம்பியும் பிறப்பான். பொத்திக்கொண்டு நில்."

மூவரும் சிரித்தோம். அந்த நோட்டீஸ் பிரதியெடுக்கப்பட்டுக் கண்ணாடிக் கதவில், வீடியோ கசெற் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. ஒரு பிரதியை என் கூட்டாளி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தத் தாளுக்கு நான் பிற்பாடு எவ்வளவு பயந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எனக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. இதை எழுதாமல் செத்தால் வேறு யாரும் எழுத மாட்டார்கள். ஏனென்றால் இது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விடயம். மூன்றாவதாகத் தெரிந்திருந்தவர் காலமாகிவிட்டார்.

நான் படித்தவன். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டுக் கொழும்பில் கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவன். அந்த நாட்களில் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சும் படித்திருந்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பெர்லினுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து மேற்குக்குள் நுழைந்து, ஒரு முகாமில் மூன்று மாதம் கிடந்தேன். அங்கேதான் அவனைச் சந்தித்தேன். என்னைவிட எட்டு வயது இளையவன். வடகரையில் கடலோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். முகாமில் உடுப்புத் தோய்க்கும் பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்துவைத்து அவன் தாளம் போட்ட விதத்தைக் கேட்டுத்தான் நான் என் கட்டிலில் இருந்து இறங்கி வந்தேன்.

முதல் நாளிலிருந்தே அவன் என்னை 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டான். அதில் விசேடம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த எந்த ஆணும் அண்ணைதான். கடைக்காரரும் அண்ணை, பஸ் நடத்துநரும் அண்ணை, வழி கேட்கிறவரும் அண்ணை.

அவனும் நானும் ஒன்றாகத்தான் பாரிசுக்கு வந்தோம். ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறாம் மாடியில் ஓர் அறை. இருவருக்கும் உணவகங்களில் கோப்பை கழுவும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக் கட்டினோம். ஊரில் வயலிலும் வள்ளத்திலும் பாடிய மெட்டுகளை எடுத்து, பாரிசைப் பற்றிய சொற்களைப் போடுவோம். நான் கேள்வி வரியை எழுதுவேன். எழுதிப் பாடி முடிப்பதற்குள் அவன் வாளியில் தட்டிக்கொண்டே பதில் வரியைச் சொல்லிவிடுவான். நான் ஒரு வரிக்கு இரண்டு நாள் எடுத்தேன். அவனுக்கு இரண்டு மூச்சுப் போதும்.

எல்லோரும் விரும்பிக் கேட்ட பாட்டு லாச்சப்பல் மெற்றோவைப் பற்றியது. அங்கே மெற்றோ தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். படி ஏறும் இடத்தில் பொலிஸ்காரர்கள் நின்று காட் கேட்பார்கள். வதிவிட அனுமதி அட்டையை நாங்கள் காட் என்போம். அது இல்லாதவர்கள் படியில் ஏறாமல் பாலத்துக்குக் கீழேயே நடந்து போவார்கள். நான் எழுதிய கேள்வி இது:

"மெற்றோ மேலாலை ஓடுது தம்பி, நீ ஏன் கீழாலை நடக்கிறாய்?"

அவன் உடனே சொன்ன பதில்:

"மேலாலை போறவைக்குக் காட் இருக்கு, எனக்குக் கால் இருக்கு அண்ணை."

முதல் தடவை அந்த வரியை அவன் பாடியபோது மண்டபம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தச் சிரிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேரிடம் காட் இல்லை. எங்கள் இருவரிடமும் இல்லை. தற்காலிகத் துண்டு ஒன்றுதான் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

அகதி விண்ணப்பத்தைக் கேஸ் என்போம். என் கேஸில் ஒரு பொய் இருந்தது. பெர்லினில் இருந்ததைச் சொன்னால் திருப்பி அங்கேயே அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, கொழும்பிலிருந்து நேரே பாரிசுக்கு வந்தேன் என்று எழுதிவிட்டேன். என் கூட்டாளியின் கேஸையும் நான்தான் எழுதினேன். அவனுக்கும் அப்படியே எழுதப் பார்த்தேன். அவன் விடவில்லை.

"வேண்டாம் அண்ணை. பொய் சொன்னால் எனக்கு நாக்குக் குழறும். பெர்லின் எண்டே எழுதுங்கோ. என்ன, தாளம் பிழைக்கப்போகுதே?"

அப்படியே எழுதினேன். என்னோடு வந்தான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டு, கடிதம் வரும் விலாசமாகக் கடைக்காரரின் விலாசத்தைப் போட்டேன்.

விசாரணைக்குப் போய்விட்டு அவன் சந்தோசமாகத் திரும்பி வந்தான். நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல ஆக்கள் அண்ணை. மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர். வயசு போனவர். தண்ணி எல்லாம் எடுத்துத் தந்தவர்."

"என்ன கேட்டவை?"

"ஆரோடை இருக்கிறாய் எண்டு கேட்டவை. அண்ணையோடை எண்டன். இஞ்சை எப்பிடி வந்தனி எண்டவை. அண்ணையோடை பெர்லினிலை இருந்து வந்தனான் எண்டன். அண்ணைக்கு என்ன பேர் எண்டவை, சொன்னனான். வேலையில்லாத நேரம் என்ன செய்வாய் எண்டவை. அண்ணையோடை பாடுவன் எண்டு சொல்லி நோட்டீசையும் எடுத்துக் குடுத்தன். பார்த்துப்போட்டு அவை வைச்சுக்கொண்டிச்சினம்."

நான் அடுப்பை அணைத்தேன். முட்டை கருகியிருந்தது.

"ஏன் அண்ணை, பிழையோ?"

"ஒண்டுமில்லை," என்றேன்.

பிழை எது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பாண்டிச்சேரிக்காரர் வீட்டில் அண்ணன் என்றால் கூடப்பிறந்தவன். அவர் அதைப் பிரெஞ்சில் 'மூத்த சகோதரன்' என்று சொல்லியிருப்பார். போதாக்குறைக்கு நோட்டீசில் 'சகோதரர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் கேஸிலோ எனக்கு இரண்டு அக்காமார் மட்டும்தான், சகோதரன் இல்லை என்று நானே கைப்பட எழுதியிருக்கிறேன். கொழும்பிலிருந்து நேரே வந்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி எழுதுவது கடினம். வெளியில் ஒன்றும் நடக்கவில்லை. நான் வேலைக்குப் போனேன், கோப்பை கழுவினேன், திரும்பி வந்தேன். ஆனால் கீழ்ப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஆறாம் மாடியில் நான் விளக்கை அணைத்துவிடுவேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு முன்னரே இறங்கிப்போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். என் கூட்டாளிக்கு முன்னால் கடிதம் என் கைக்கு வரவேண்டும் என்பதற்காக. ஒரு நாள் கழுவும் தொட்டிக்குள் கையை விட்டவன் எடுக்க மறந்து நின்றிருக்கிறேன். கூட வேலை செய்த மாலி நாட்டுக்காரர் வந்து என் தோளைத் தட்டி, சுகமில்லையா என்று கேட்டார். திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது என்ன நடக்கும் என்பதைத்தான் நான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். என் அக்காவின் கணவர் அங்கே பிடிபட்டு இரண்டு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லை.

அவன் ஒன்றும் அறியாமல் ஞாயிறுகளில் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கேள்வி வரி வரவில்லை. "என்ன அண்ணை, பேனை வறண்டு போச்சோ?" என்று பகிடி பண்ணுவான்.

அழைப்புக் கடிதம் வந்தது. அவனிடம் சொல்லவில்லை. வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த அறையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நரைத்த மீசை, கழுத்துப் பட்டி, மடியில் தொப்பி. நான் பிரெஞ்சில் பேசுவேன் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் தலையசைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

அதிகாரி என் கூட்டாளியின் பெயரைச் சொல்லி, இவர் உங்கள் சகோதரரா என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். அது உண்மை.

"அப்படியானால் அவர் உங்களுக்கு யார்?"

இந்த இடத்தை நான் பல ஆயிரம் தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மூத்தவர் எல்லோரும் அண்ணை என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேர் சேர்ந்து பாடினால் சகோதரர்கள் என்று போடுவது வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் தேவையான பிரெஞ்சு என்னிடம் இருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். ஆனால் அவனைத் தெரியும் என்று சொன்னால், எங்கே எப்போது சந்தித்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் பெர்லின்.

"எனக்கு அவரைத் தெரியாது," என்றேன்.

அதிகாரி கோப்பிலிருந்து அந்த நோட்டீசை எடுத்து மேசையில் வைத்தார். நான்காக மடித்த கோடுகள் தெரிந்தன. மூலையில் எண்ணெய்க் கறை.

"இந்தத் தாளைத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்கள் பாடுவீர்களா?"

"இல்லை. நான் பாடுவதில்லை."

அவர் எழுதிக்கொண்டார். கையொப்பம் வாங்கினார். நன்றி சொன்னார்.

வெளியே நடைபாதையில் மொழிபெயர்ப்பாளர் என் பின்னால் வந்தார். தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"மிஸ்யே, ஒரு நிமிஷம். பொபினியில ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. நீங்களும் அந்தத் தம்பியும் பாடினீங்க. மெற்றோ பாட்டு. என் சம்சாரம் வீட்டுக்கு வந்தும் அதையேதான் பாடிக்கிட்டு இருந்தா."

நான் அதிகாரியின் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. நான் உள்ள எதுவும் சொல்லல. கேட்டதையும் சொன்னதையும் மொழி மாத்திச் சொல்றதுதான் என் வேலை. சொல்லாததைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அன்னைக்கு அவர் அண்ணைன்னு சொன்னதை நான் அண்ணன்னுதான் எடுத்துக்கிட்டேன். அது என் தப்பு. அதை நான் எழுதிக் குடுக்கறேன். ஆனா தெரியாதுன்னு நீங்க சொன்னது அப்படியே நின்னா, நான் எழுதறதை யாரும் பார்க்க மாட்டாங்க. நாளைக்கே ஒரு லெத்ர் போடுங்க. பயந்துட்டேன், இப்பச் சொல்றேன்னு எழுதுங்க. இந்த நாட்டுல பயம் ஒரு குத்தமில்ல."

"பார்க்கிறன்," என்றேன்.

லாச்சப்பலில் இறங்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்தேன். அவர் சொன்ன கடிதத்தை அன்று மாலை எழுதினேன், கிழித்தேன். அடுத்த நாளும் எழுதினேன். ஒன்பது நாட்கள் அப்படிப் போயின. பத்தாம் நாள் எனக்குக் காட் கிடைத்த தகவல் வந்தது. அதற்குப் பிறகு எழுத உட்காரவே இல்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது இருந்த பயத்தைவிட, கையில் ஒன்று வந்தபிறகு ஏற்பட்ட பயம் பெரிது.

அவனுக்கு றிஜெக்ட் வந்தது அடுத்த வாரம். கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடமே தந்தான். வேறு யாரிடம் தருவான்? அவனுடைய கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வது வழக்கம். கட்டிலில் உட்கார்ந்து, வாளியை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மூன்று பந்திகள். முதல் பந்தி அவன் பெயர், விண்ணப்பித்த விவரம். இரண்டாம் பந்தி அவன் சொன்னவற்றின் சுருக்கம். மூன்றாம் பந்தியில் இருந்தது இது: விண்ணப்பதாரர் தமது சகோதரர் எனக் குறிப்பிட்ட நபர் அழைத்து விசாரிக்கப்பட்டார், சம்பந்தப்பட்டவர் தமக்கு விண்ணப்பதாரரைத் தெரியாது எனக் கூறியுள்ளார், ஆகவே விண்ணப்பதாரரின் கூற்றுகளை நம்ப முடியாது.

நான் முதல் பந்தியை மொழிபெயர்த்தேன். இரண்டாம் பந்தியையும் மொழிபெயர்த்தேன். பிறகு, "உன்ரை கதையை நம்பேலாதாம்," என்றேன்.

"அவ்வளவுதானோ? இவ்வளவு நீளத்துக்குக் கிடக்கு."

"பிரெஞ்சு அப்பிடித்தான். ஒண்டைச் சொல்ல ஒன்பது சுத்துச் சுத்துவாங்கள்."

அவன் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். எழுத்துகளைத் தடவினான். "எங்கடை பாட்டு இதைவிடச் சுருக்கம்," என்றான். நான் சிரித்தேன். சிரித்ததும் நினைவிருக்கிறது.

மேன்முறையீடு செய்ய ஒரு மாதம் இருந்தது.

"அண்ணை, அந்தப் பாண்டிச்சேரி ஐயா பொபினியிலைதானாம் இருக்கிறார். நல்ல மனுசன். அவரிட்டைக் கடுதாசியைக் காட்டிக் கேட்பமோ?"

என் வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக நான் எந்த வரியையும் கட்டியதில்லை.

"அவராலைதானே உனக்கு இந்த வினை. நீ அண்ணை எண்டதை அவர் கூடப்பிறந்தவன் எண்டு மாத்திச் சொல்லியிருக்கிறார். எங்கடை தமிழ் அவருக்கு விளங்கேல்லை. திரும்பவும் அவரிட்டைப் போய் நிக்கப்போறியோ?"

"அப்பிடியே செய்தவர்?" என்றான். முகம் வாடிவிட்டது. "தண்ணி எல்லாம் எடுத்துத் தந்தாரே."

அந்தக் கதை அடுத்த நாளே கடையில் பகிடியாகப் பரவியது. கடைக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம், "என்னை அண்ணை எண்டு கூப்பிடாதேங்கோ, பாண்டிச்சேரியார் கேட்டால் சொத்திலை பங்கு எழுதிப்போடுவார்," என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் கடைகளுக்கு வருவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மேன்முறையீட்டை நானே எழுதினேன். நான்கு பக்கம். நல்ல பிரெஞ்சு. ஊரில் அவன் வீடு எரிந்தது, தகப்பன் இல்லாத குடும்பம், தாயின் நிலை, எல்லாம் எழுதினேன். மூன்றாம் பந்திக்கு மட்டும் பதில் எழுதவில்லை. பதில் சொல்ல வேண்டிய ஒரே பந்தி அதுதான். அதைத் தொட்டால் அவர்கள் மறுபடி என்னைக் கூப்பிடுவார்கள். என் காட் அட்டையில் மை காயாத நாட்கள் அவை. அவன் என் பக்கத்தில் இருந்து, நான் எழுத எழுதப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனே முத்திரை ஒட்டினான்.

மேன்முறையீடும் தள்ளுபடியானது. நாட்டை விட்டுப் போகச் சொல்லித் தாள் வந்தது. அதற்குப் பிறகு அவன் பாலத்துக்குக் கீழே நடக்கவும் பயந்தான். அறையிலேயே இருந்தான். யாரோ கனடாவுக்கு ஒரு வழி சொன்னார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணியளவில், ஒரு சின்னப் பையோடு புறப்பட்டான். வாளியை எடுத்துப் போகவில்லை.

"வாற சனி நிகழ்ச்சியை விட்டிடாதேங்கோ அண்ணை. தனியப் பாடுங்கோ."

"பதில் வரிக்கு என்ன செய்யிறது?"

"அதையும் நீங்களே பாடுங்கோ. குரலை ஒரு சொட்டு மெலிசாக்கினால் நான்தான்."

கட்டிப்பிடித்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். நான் அழுவதாக நினைத்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ," என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை மேடை ஏறியபோது வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக என் வலத்தோளுக்குப் பக்கத்தில் ஒரு சூடு இருக்கும். மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன், பொபினிக்காரர் வந்திருக்கிறாரோ என்று. நரைத்த மீசை கண்ட இடமெல்லாம் பார்வையை மாற்றிக்கொண்டேன். மெற்றோ பாட்டுக்கு வந்ததும் கேள்வியைப் பாடினேன். பதிலையும் குரலை மெலிதாக்கிப் பாடினேன். 'எனக்குக் கால் இருக்கு அண்ணை' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சனம் சிரித்துக் கைதட்டியது. ஒருவர் எழுந்து, "தம்பி எங்கை?" என்று கேட்டார். "கால் இருக்கு, போயிட்டார்," என்று கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார். மறுபடி சிரிப்பு.

பயப்பட்டபடியேதான் நான் தனிப் பாடகன் ஆனேன். ஒவ்வொரு மேடையும் அப்படித்தான். ஆனால் கூப்பிடுவது கூடியது. பொண்டியில், பொபினியில், ஜெர்மன் எல்லைப் பக்கத்திலும் பாடினேன். கடைக்காரர் ஒரு கசெற் போட ஒழுங்கு செய்தார். "இப்ப சகோதரர்கள் எண்டு போடேலாது," என்றார். அட்டையில் 'பாடல், மெட்டு, குரல்' என்று எழுதி அதற்குக் கீழே என் பெயரை மட்டும் போட்டார். பதில் வரிகள் வேறொருவனுடையவை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் பெயர் அச்சில் என் பெயருக்குப் பக்கத்தில் வந்தால், அதை யாராவது ஒரு மேசையில் கொண்டுபோய் வைத்தால்? வாயை மூடிக்கொண்டேன்.

அவனிடமிருந்து முதல் கடிதம் மொன்றியலில் இருந்து வந்தது. கனடாவில் எத்தனையோ நகரம் இருக்கப் பிரெஞ்சு பேசும் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

'அன்புள்ள அண்ணை, நான் சுகம். இஞ்சை என்ரை கேஸை ஏற்றுக்கொண்டிட்டினம். வந்த ஆக்களைப் பிரெஞ்சு படிக்க வகுப்புக்கு விடுகினம். இனி நானும் உங்களைப்போல வாசிப்பன். வீட்டிலை பழகிறதுக்கு வேறை பிரெஞ்சுக் கடுதாசி இல்லாதபடியால், அந்தப் பழைய றிஜெக்ட் கடுதாசியைத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறன். சிரிக்காதேங்கோ.'

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடனே எழுதியிருக்கலாம். அவன் அந்தப் பந்திக்கு வருவதற்குள் நானே சொல்லியிருக்கலாம். சுகம் விசாரித்து, குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கச் சொல்லிப் பதில் போட்டேன்.

இரண்டாம் கடிதம்: 'அன்புள்ள அண்ணை, முதலாம் பந்தி முடிஞ்சுது. றெக்கெறான் எண்டு ஒரு சொல் அடிக்கடி வருகுது. அது ஆர்?'

'விண்ணப்பதாரர். அதாவது நீ,' என்று எழுதினேன்.

மூன்றாம் கடிதத்துக்கு இரண்டு மாதம் காத்திருந்தேன். வேலைக்குப் போகுமுன் பெட்டியைத் திறப்பேன், வந்ததும் திறப்பேன். அந்த இரண்டு மாதத்தில் என் மயிர் கொட்டத் தொடங்கியது.

'அன்புள்ள அண்ணை, இப்ப மூண்டாம் பந்தியிலை நிக்கிறன். இதிலை அன்தெறெசே எண்டு இன்னொரு ஆள் வாறார். அவர் ஆர் அண்ணை?'

அது நான். இரண்டு சொற்கள். அந்த அதிகாரியின் அறையில் இருந்ததைவிடச் சின்னப் பதில். இந்த முறை என்னைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை, அவனுக்கும் காட் கிடைத்துவிட்டது, ஆபத்து எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இருந்தும் நான் அகராதியை எடுத்தேன். அதில் இருந்தபடியே எழுதினேன்: 'சம்பந்தப்பட்டவர்.'

கடைசிக் கடிதம் குளிர்காலத்தில் வந்தது. அரைப் பக்கம்.

'சம்பந்தப்பட்டவருக்கு, நான் சுகம். வகுப்பு முடிஞ்சுது. இனி வாசிக்கிறதுக்கு எனக்கு ஆள் தேவையில்லை. உங்கடை கசெற் இஞ்சையும் வந்திருக்கு, கேட்டனான். பாட்டு நல்லாயிருக்கு. பதில் வரியள் என்ரை. அதுகளை நீங்கள் பாடவேண்டாம். இப்படிக்கு, விண்ணப்பதாரர்.'

பதில் சொல்வதில் அவன் எப்போதும் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அதற்கு நான் மறுகடிதம் போடவில்லை. அவன் கேட்டதை மட்டும் செய்தேன். பொண்டியில் நடந்த அடுத்த நிகழ்ச்சியில் மெற்றோ பாட்டைப் பாட வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். சனம் விடவில்லை. கேள்வியைப் பாடினேன். "நீ ஏன் கீழாலை நடக்கிறாய்?" பாடிவிட்டு வாயை மூடி நின்றேன். தாளம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சுற்று வெறுமையாகப் போனது. இரண்டாம் சுற்றில் முன்வரிசையில் ஒரு பெண் மெல்லத் தொடங்க, பிறகு மண்டபம் முழுவதும் எழுந்து பாடியது:

"எனக்குக் கால் இருக்கு அண்ணை."

இருநூறு பேர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கி வந்ததும் கடைக்காரர் கையைக் குலுக்கினார். "நல்ல யுக்தி. சனத்தைப் பாடவிட்டிட்டு நீங்கள் சும்மா நிண்டீங்கள் பாருங்கோ, அதுதான் பாடகன்."

அது என் பாணி என்று பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு பாடிய இருபது ஆண்டுகளும் கேள்வியைப் பாடிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். சனம் பதில் சொல்லும். கைதட்டு எனக்கு விழும். ஏன் அப்படி நிற்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.